ஹாஸ்டல் ஆன சாட்சி

என் அக்கா குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது 'ஹாஸ்டல்' ஆகத்தான் வந்து சேர்ந்தது. கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போன, அக்காவின் பக்கத்து வீட்டு அண்ணன் ஹாஸ்டல் ஆகிவிட்டார் என்று பேச்சு. ஹாஸ்டல் எங்களுக்குப் புதிதில்லை. எட்டாவது தாண்டிய பிள்ளைகளைக் கோயமுத்தூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தாத தாய் அந்த லயத்தில் இல்லை. அதனால் தலை நரைத்த மனிதரைக் கோர்ட்டே ஹாஸ்டலில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டதும் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். கடைசி வீட்டுக்காரி அவர் மனைவியிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

"சாப்பாடெல்லாம் அங்கேயே குடுத்துருவாங்களா? மீனு போட மாட்டாங்களே. அண்ணனுக்கு மீனு இல்லாட்டி எறங்காதே."

அந்த அண்ணி கதவை அகலமாகத் திறந்து உள்ளே கையைக் காட்டினாள். "இந்தா, ஹாஸ்டல்லதான் உக்காந்திருக்காரு. வந்து பாத்துட்டுப் போ." உள்ளே அவர் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, டிவியில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டு நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான், சிரிக்கிற விஷயமா இது என்று பட்டது. அவர் சாட்சி சொல்லப் போனது என் அக்கா புருஷன் செத்த வழக்கில்.

நான் தேவாலா கடைவீதியில் துணி தைக்கிறவள். பள்ளிக்கூடம் எனக்கு நீண்ட நாள் கொடுத்துவைக்கவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அளவெடுக்கும்போது மனிதர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். அதிலிருந்து நான் படித்த படிப்புதான் என் படிப்பு. யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பைத்தியம். எங்கள் அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்தவர்கள். இங்குள்ளவர்கள் லைன் வீடு என்று சொல்வதை நாங்கள் இன்னும் லயம் என்றுதான் சொல்கிறோம். ஒரே நீளமான கூரை, அதற்குக் கீழே வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும்.

அக்காவும் மாமாவும் அப்படி ஒரு லயத்தில் இருந்தார்கள். அது தேயிலை ஃபேக்டரிக்குச் சொந்தமான லயம். மாமாவுக்கு ஃபேக்டரி முற்றத்தில் வேலை, கொழுந்து மூட்டை இறக்குவது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த, பிறகு சாட்சி சொல்லப் போன அந்த அண்ணனுக்கும் அதே வேலை. இரண்டு பேரும் ஒன்றாகவே போவார்கள், ஒன்றாகவே வருவார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் ரோட்டிலிருந்து தோளில் வைத்து இறக்கித் தருவது அந்த அண்ணன்தான். "தங்கச்சி, அடுப்பப் பத்தவச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, நெருப்பு எரிவதைப் பார்த்த பிறகுதான் நகர்வார்.

ஒரு மழைக்காலத்துப் பிற்பகல். கொழுந்து ஏற்றி வந்த லாரி முற்றத்தில் பின்னால் வந்தபோது, சுவருக்கும் லாரிக்கும் நடுவில் மாமா மாட்டிக்கொண்டார். தூக்கிக்கொண்டு போவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்தது அந்த அண்ணன் ஒருவர் மட்டும்.

இதில் அக்காவுடைய பங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அந்தப் பிற்பகல் அவள் மாமாவுக்குப் போன் செய்திருக்கிறாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, வரும்போது தீப்பெட்டி வாங்கி வரச் சொல்ல. மாமா எடுத்தார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. மாமா, "இரு" என்றார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் சிக்னல் இப்படித்தான் போகும், வரும். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் அந்த ஒரு சொல்லை அவள் அதன் பிறகு கீழே வைக்கவே இல்லை. இரு என்றால், அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைப்பதற்குச் சொல்கிற 'இரு'வா? இல்லை, போனைக் காதில் வைத்தபடியே, கொஞ்சம் பொறு என்று சொல்கிற 'இரு'வா? தமிழில் இரண்டும் ஒன்றுதான். முதலாவது என்றால், சாவு லாரியால் வந்தது. இரண்டாவது என்றால், அக்காவால் வந்தது. யார் எப்படிச் சமாதானம் சொன்னாலும் அவளுக்குக் கணக்கு அப்படித்தான்.

மாமாவை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், அந்த அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் குந்தினார். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது.

"தங்கச்சி, போன அவன் பையிக்குள்ள போட்டுட்டான். நா பாத்தேன். ரெண்டு கையாலயும் லாரிக்குச் சைகை காட்டிக்கிட்டுதான் நின்னான். டிரைவர்தான் பாக்கல. ஒன்னால இல்ல, வெளங்குதா?"

அக்கா தலையாட்டினாள். அன்று அவள் கேட்ட சொற்களில் அவளுக்குள் இறங்கியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். போலீஸ் வந்து விசாரித்தபோதும் அவர் இதையே சொன்னார். அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், சோறு பொங்கினாள், கொழுந்து பறிக்கப் போனாள். மாமா போன பிறகு அவளுக்குத் தோட்டத்தில் வேலை கொடுத்து அதே வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

டிரைவர் மேல் வழக்கு நடந்தது. அக்காவுக்கு டிரைவர் மேல் கோபம் இல்லை. மலைக்குப் புதிதாக வந்த பையன், அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கும் என்பாள். அவளுக்கு வேண்டியது வேறு. கோர்ட் என்றால் பெரிய இடம்; அங்கே கூண்டில் ஏறி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்த அண்ணன் போன் பையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது அரசாங்கமே சொன்ன மாதிரி. அதன் பிறகு அவளே நினைத்தால்கூட மாற்ற முடியாது. இவ்வளவுதான் அவள் ஆசை.

முதலில் அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். டிரைவருடைய வக்கீல் கேட்டார், அப்போது நீங்கள்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று. ஆமாங்க என்றாள். போனை அவர் வைத்தாரா, நீங்கள் வைத்தீர்களா? தெரியலைங்க என்றாள். இறங்கி வந்ததும், "அண்ணே வந்து சொன்னா சரியாயிரும்" என்றாள்.

அண்ணன் முறை வந்த நாளில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். வழியில் அக்கா வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயை அவர் வாயில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. கூண்டில் ஏறி நின்று, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். அரசு வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். ஃபேக்டரியில் வேலை, ஆமாங்க. சம்பவத்தன்று அங்கே இருந்தார், ஆமாங்க. இறந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

"போன்ல பேசிக்கிட்டு இருந்தாருங்க. லாரி வர்றத கவனிக்கல."

அரசு வக்கீல் கையில் இருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். போலீசில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே என்றார். நான் இப்படித்தாங்க சொன்னேன் என்றார் அண்ணன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பாரு என்று சொல்கிற அதே குரல். அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் பிடித்தது அந்த ஒரே சொல்லைத்தான். ஹாஸ்டைல்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஹாஸ்டலா?" என்றாள் வாயசைத்து.

வெளியே வராந்தாவில் ஒரு குமாஸ்தா பீடாவை மென்றுகொண்டு நின்றார், கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏனுங்கம்மிணி, அது ஹாஸ்டல் இல்லீங்க. ஹாஸ்டைல். சாட்சி எதிராப் போயிட்டாருன்னு அர்த்தமுங்க."

"யாருக்கு எதிரா?"

"கூப்பிட்ட கட்சிக்குங்க."

"கூப்பிட்டது யாரு?"

"சர்க்காருங்க."

"அப்ப எங்க அக்காவுக்கு?"

அவர் பீடாவை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "உங்க அக்காளுக்கு அவுரு முன்ன யாரா இருந்தாரோ, இப்பவும் அவுரேதானுங்க. கோர்ட்டு அதைக் கேக்கறதில்லீங்க."

நல்ல மனிதர். அதைவிடத் தெளிவாக எனக்கு இன்று வரை யாரும் சொல்லவில்லை.

பழைய பேப்பர்க் கடையிலிருந்து நான் எடுத்துவந்த ஆங்கிலத் தமிழ் அகராதி ஒன்று மிஷினுக்குக் கீழே கிடக்கும். அட்டை இல்லை, முதல் எழுத்துப் பக்கங்களில் பாதி இல்லை, நல்லவேளை இந்தச் சொல் இருந்தது. பகைமையான, பகைவரைச் சேர்ந்த, நட்பற்ற என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லைத் துணி மாதிரி அந்த மனிதர் மேல் வைத்துப் பார்த்தேன். தோளிலும் நிற்கவில்லை, இடுப்பிலும் நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போன மறுநாள்கூட அக்கா வீட்டு வாசலில் அறுந்து கிடந்த கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனவர் அவர். பகைவர் என்றால் முகத்தைத் திருப்ப வேண்டாமா? கதவைச் சாத்த வேண்டாமா? ஒரு கெட்ட வார்த்தையாவது வேண்டாமா?

அந்தச் சொல்லுக்குச் சரியான ஆள் அவர் மனைவி. அந்த அண்ணிக்கும் அக்காவுக்கும் குழாயடியில் நடக்காத சண்டை இல்லை. யார் குடம் முந்தி, யார் துணி அலசிய தண்ணீர் யார் வாசலுக்கு வந்தது, இப்படி. அக்காவை அண்ணி 'மலட்டுக் கழுத' என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். அக்காவும் சும்மா இருந்ததில்லை. ஏச்சில் அண்ணியின் அம்மா வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். சாயங்காலம் அதே அண்ணி, "கருவாடு கொழம்பு வச்சேன், ஒன் மூஞ்சிக்குக் குடுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வாசல் குட்டைச் சுவர் மேல் வைப்பாள். அகராதியைப் படித்துக் காட்டியிருந்தால், இது என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கு என்று பெருமைப்பட்டிருப்பாள்.

கோர்ட்டுக்குப் பிறகு அந்தச் சண்டை நின்றுபோனது. அண்ணி குழாயடியில் அக்காவைப் பார்த்தால் தன் குடத்தை ஓரமாக எடுத்துவைத்து, நீ பிடிச்சுக்க என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அக்கா என்னிடம் வந்து அழுதது அதற்குத்தான். அந்த அண்ணன் சாட்சியை மாற்றிச் சொன்ன அன்று அழாதவள். "எவ்வளவு தண்ணி வேணும்னாலும் எடுத்துக்கன்னு விட்டுக் குடுக்குறாடி. சண்டைக்கே வர மாட்டேங்குறா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். யாராவது மிரட்டியிருப்பார்கள் என்றார்கள். நான் விசாரித்தவரை யாரும் மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? வீடு ஃபேக்டரியுடையது. வேலை ஃபேக்டரியுடையது. அவர் மகள் அங்கேயே ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லாரியை யார் பார்த்து விட வேண்டும், ஏன் அங்கே சைகை காட்ட மாமாவை நிற்கவைத்தார்கள் என்றெல்லாம் கேள்வி வந்தால் அது டிரைவரோடு நிற்காது. மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றால் எல்லாம் அவரோடு நின்றுவிடும். செத்தவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது, வீட்டைக் காலிசெய்யச் சொல்ல முடியாது. இதை அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கே தெரிகிறது.

தமிழ்ப் பேப்பரில் இந்த ஹாஸ்டைலுக்குப் பிறழ்சாட்சி என்று எழுதுவார்கள். கடைக்கு வரும் டீச்சர் ஒருவர்தான் எடுத்துக் காட்டினார். ஆங்கிலம் பகை என்கிறது, தமிழ் பிறழ்வு என்கிறது. தடம் மாறிப் போவது, சொன்னதிலிருந்து விலகிப் போவது. ஆங்கிலத்தைவிட இது பரவாயில்லை என்று முதலில் தோன்றியது. அக்காவிடம் போய்ச் சொன்னேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"எதுலேர்ந்து வெலகிட்டாரு?" என்றாள்.

"முதல்ல சொன்னதுலேர்ந்து."

"முதல்ல சொன்னதுதான் நெசம்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அதுவரை நான் கோர்ட்டில் சொன்னதுதான் பொய் என்று வைத்திருந்தேன். அவள் ஒரு படி தாண்டிப் போயிருந்தாள். அன்று, பிணத்துக்குப் பக்கத்தில், புருஷனை இழந்து கிடக்கிறவளிடம் ஒரு மனிதன் என்ன சொல்வான்? உன் போன்தான் கொன்றது என்றா சொல்வான்? நல்ல மனிதன் பொய்தான் சொல்வான். அந்த அண்ணன் நல்ல மனிதன். அப்படியானால் கோர்ட்டில் சொன்னதுதான் உண்மையோ? அவர் கெட்டவராக இருந்திருந்தால் அக்காவுக்குப் பிழைக்க ஒரு வழி இருந்திருக்கும். ஹாஸ்டைல் என்ற சொல் உண்மையிலேயே அவருக்குப் பொருந்தியிருந்தால், பகையில் சொன்னான் என்று தள்ளிவிட்டிருக்கலாம். பொருந்தவில்லையே.

தீர்ப்பு வந்தது. டிரைவரை விட்டுவிட்டார்கள். சாட்சி ஆதரிக்கவில்லை, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று குமாஸ்தா சொன்னார். அக்கா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி நின்றாள். யாரும் கூப்பிடாமலே அந்த அண்ணனும் வந்து கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வர ஒரே பஸ். அக்காவும் நானும் உட்கார இடம் கிடைத்தது. அவர் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு இடம் இல்லை. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் உடம்பு எங்கள் மேல் சாயாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டார்.

பாதி வழியில் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, கோர்ட்டு முடிஞ்சிருச்சு. இனி யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க. போனு கையில இருந்துச்சா, பையில இருந்துச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மழைக்குத் தார்ப்பாய் இறக்கிவிட்டிருந்தது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"பையிலதான் தங்கச்சி இருந்துச்சு. சத்தியமா."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எங்கேயாவது ஒரு நடுக்கம், ஒரு வெட்கம், பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று. கண் கலங்கியிருந்தது. ஆனால் அது உண்மை சொன்னதற்கா, மறுபடியும் அவளைச் சமாதானப்படுத்தியதற்கா என்று யாரால் பிரிக்க முடியும்?

"அன்னைக்கும் இதே மூஞ்சிதாண்ணே வச்சிருந்தீங்க" என்றாள் அக்கா. "கூண்டுலயும் இதே மூஞ்சிதான்."

திட்டவில்லை. சந்தையில் இரண்டு மூட்டை அரிசியையும் கையில் அள்ளிப் பார்த்து, ஒன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எங்கள் நிறுத்தத்தில் மூன்று பேரும் இறங்கி, ஒரே ஒற்றையடிப் பாதையில், முன்னும் பின்னுமாக நடந்து வந்தோம்.

அண்ணனும் அண்ணியும் இன்னும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நான் வேறு இடம் பார்க்கலாம் என்றேன், என் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அக்கா வரவில்லை. அவரோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. எதிர்ப்பட்டால் அண்ணே என்கிறாள், உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கிறாள். பகை என்று ஒன்றும் இல்லை. வெளியாள் வந்து பார்த்தால் சொந்தக்காரர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

போன மாதம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். விடியும் நேரத்தில் லயத்துக்குப் பின்னால் யானை வந்து வாழையை முறித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் உள்ளேயே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து வெளியே அந்த அண்ணனுடைய குரல் கேட்டது.

"தங்கச்சி, ஆன எறங்கிப் போயிருச்சு. வெளிய வரலாம்."

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாராச்சும் சொல்லட்டும்" என்றாள், அவருக்குக் கேட்காத மாதிரி. அவர் இன்னொரு தடவையும் சொன்னார். கடைசி வீட்டுக்காரி எழுந்து வந்து, போயிருச்சு போயிருச்சு என்று கத்துகிற வரை நாங்கள் இருவரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.